சிம்பன்சிக்கு யார் நெருக்கம்: கோணமலைக் குரங்கா, நாமா?

14 செப்டெம்பர் 2025, மாலை (வாசகர் ஒருவரின் பதிவு)

தரம் 11 படிக்கும் மகனின் டியூசன் குறிப்பில் மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாம் ஒரே குடும்பம் என்று எழுதியிருக்கிறது. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நிற்கும் குரங்கையும் தொலைக்காட்சியில் வரும் சிம்பன்சியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உடல் முழுக்க மயிர். இரண்டும் நாலு காலில் நடக்கின்றன. இரண்டும் காலால் கிளையைப் பிடிக்கின்றன. இரண்டுக்கும் நீண்ட வேட்டைப்பல். குரங்கும் சிம்பன்சியும் ஒரு பக்கம், மனிதன் மறுபக்கம். கண் உள்ளவனுக்கு இது தெரியும். மரபணு மரபணு என்று பூச்சாண்டி காட்டாமல், உடலை மட்டும் வைத்து இதை யாராவது மறுக்க முடியுமா?

14 செப்டெம்பர், இரவு

முடியும்.

மயிரை விடுங்கள், தோளைப் பாருங்கள். கோயில் குரங்கின் மார்புக்கூடு நாயின் மார்பைப் போல் ஒடுங்கி ஆழமாக இருக்கும். தோள்பட்டை எலும்பு விலாவின் இரு பக்கங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கை முன்னும் பின்னும் ஆடுவதற்கு ஏற்றது. சிம்பன்சிக்கு மார்பு அகலம். தோள்பட்டை எலும்பு முதுகுப்புறம் போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கி முழு வட்டமாகச் சுழற்றலாம். கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் என்ற சிறு மனிதக்குரங்கு எல்லாவற்றுக்கும் இதே அமைப்புத்தான். உங்களுக்கும் எனக்கும் இதுவேதான். குரங்கு கிளையின் மேலே ஓடுகிறது. சிம்பன்சியும் இவையும் சேர்ந்த மனிதக்குரங்குக் கூட்டம் கிளைக்குக் கீழே தொங்குகிறது. இருக்கை கிடைக்காத நாளில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி கந்தளாய் வரை பஸ்ஸில் போகிறோமே, அந்தத் தோள் தொங்கி வாழ்ந்த முன்னோரிடமிருந்து வந்தது.

மணிக்கட்டும் அப்படியே. முழங்கையிலிருந்து சின்னவிரல் பக்கமாக இறங்கும் எலும்பு குரங்கில் மணிக்கட்டு எலும்புகளோடு நேராக முட்டி நிற்கும். மனிதக்குரங்கிலும் நம்மிலும் அது பின்வாங்கி இடைவெளி விட்டிருக்கிறது. கையைப் பக்கவாட்டில் வளைத்துப் பாருங்கள், தெரியும்.

வாலைச் சொல்லவே தேவையில்லை. கோயில் குரங்குக்கு உடலைவிட நீளமான வால். சிம்பன்சிக்கு இல்லை, நமக்கும் இல்லை.

15 செப்டெம்பர், காலை

நேற்று அவசரத்தில் விட்டது: பல். கண்ணாடி முன் வாயைத் திறந்து கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப்பல்லைப் பாருங்கள். சொத்தை அடைத்திருந்தால் மற்றப் பக்கத்துப் பல்லைப் பாருங்கள். பெரும்பாலானோருக்கு அதில் 5 மேடுகள் இருக்கும். நடுவில் பள்ளங்கள் கவைக்கம்பு போல் பிரியும். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் இதே கோலம். ஒரு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பழைய மனிதக்குரங்குத் தாடைகளிலும் இதே கோலம். கோயில் குரங்கின் கடைவாய்ப்பல்லில் 4 மேடுகள், இரண்டிரண்டாகச் சேர்ந்து இரண்டு வரப்புகளாக நிற்கும். பல்லை வைத்தே இது எந்தக் கூட்டம் என்று சொல்லிவிடலாம். புதைபடிவம் தோண்டுபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதும் பல்தான்.

இன்னொன்று. 1699இல் லண்டனில் எட்வர்ட் டைசன் என்ற வைத்தியர், அங்கோலாவிலிருந்து வந்து இறந்துபோன ஒரு குட்டிச் சிம்பன்சியை அறுத்துப் பார்த்து அட்டவணை போட்டார். மனிதனோடு ஒத்துப்போன அம்சங்கள் 48, குரங்கோடு ஒத்துப்போனவை 34. பரிணாமம் என்ற பேச்சே எழாத காலம். மரபணு என்ற சொல் பிறக்க இன்னும் 200 ஆண்டு இருந்தது. கேட்டவர் விதித்த நிபந்தனையின்படியே தீர்ப்பு 300 ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது.

15 செப்டெம்பர், மதியம்

“நம்மூரில் இரண்டு விதக் குரங்கு இருக்கின்றனவே, அவை ஒரே இனமா?” என்று மூதூர்த் தம்பி கேட்கிறார். இல்லை. கோயிலடியில் வாழைப்பழம் பறிப்பது தலையில் தொப்பி வைத்தாற்போல் மயிர் படர்ந்த செங்குரங்கு, மகாகா சினிகா. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. ஆணின் சராசரி எடையே ஆறு கிலோவுக்குள்தான். ஹபரணைப் பக்கம் வீதியோரம் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் முகம் கறுத்த மந்தி வேறு கிளை. வித்தியாசம் வயிற்றில். செங்குரங்குக்குக் கன்னத்தில் பை இருக்கிறது. பறித்ததை அடக்கிக்கொண்டு ஓடிப்போய் ஆறுதலாகத் தின்னும். மந்திக்குக் கன்னப்பை இல்லை. அறை அறையாகப் பிரிந்த இரைப்பை இருக்கிறது. இலையை அதில் புளிக்கவைத்துச் செரிக்கும். நமக்கும் சிம்பன்சிக்கும் இரண்டும் இல்லை; நமக்கு இருப்பது குடல்வால். எல்லா மனிதக்குரங்குகளுக்கும் அது உண்டு, குரங்குகளுக்குப் பொதுவாக இல்லை. அது வீங்கி வைத்தியசாலைக்கு ஓடியவர்கள் இனி உறவுமுறையை நினைத்து ஆறுதல் அடையலாம்.

17 செப்டெம்பர்

கேட்டவர் விடவில்லை. “தோளும் பல்லும் சரி. ஆனால் மயிர், நாலு கால் நடை, பிடிக்கும் கால், வேட்டைப்பல், இவை நான்கும் என் பக்கம். நான்கை எப்படித் தள்ளுவீர்கள்?”

எண்ணிக்கையை வைத்து உறவு பார்ப்பதில்லை. அப்படியானால் டைசனின் 48ஐ ஏன் காட்டினேன் என்று கேட்பீர்கள். கேட்டவர் கண்ணால் பார்க்கச் சொன்னார், முன்னரே ஒருவர் கண்ணால் பார்த்திருக்கிறார் என்று சொல்லவே காட்டினேன். சரியான முறை வேறு.

பாட்டன் குடுமி வைத்திருந்தார். என் கூடப் பிறந்த அண்ணனும் வைத்திருக்கிறார், மூன்றாம் தலைமுறைத் தூரத்து உறவு ஒருவரும் வைத்திருக்கிறார், நான் வெட்டிவிட்டேன். இப்போது அண்ணனுக்கு நெருக்கம் நானா, அந்தத் தூரத்து உறவா? குடுமி பாட்டனிடமிருந்து வந்த பழைய சொத்து. அதை இருவர் வைத்திருப்பதால் அவர்களுக்குள் தனியாக எந்த நெருக்கமும் வந்துவிடாது. மயிர், பிடிக்கும் கால், நீண்ட வேட்டைப்பல் எல்லாம் அந்த வகை. எல்லாருக்கும் பொதுவான முன்னோரிடம் இருந்தவை. நாம் இழந்தோம், சிம்பன்சி இழக்கவில்லை. உறவைக் காட்டுவது புதிதாக வந்த மாற்றங்களை யார் யார் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பது. முதுகுப்பக்கத் தோள்பட்டை புதிது. வால் போனது புதிது. அவற்றில் நாம் சிம்பன்சியோடு நிற்கிறோம், கோயில் குரங்கு வெளியே நிற்கிறது.

நாலு கால் நடை என்பதும் ஒரே நடை அல்ல. குரங்கு உள்ளங்கையையோ விரல்களையோ பதித்து நடக்கும். சிம்பன்சியும் கொரில்லாவும் விரல்களை மடக்கி நடு மொளியை ஊன்றி நடக்கின்றன. ஒராங்குட்டான் தரையில் இறங்கினால் பெரும்பாலும் முஷ்டியை ஊன்றுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோல் தெரியும், அவ்வளவுதான்.

20 செப்டெம்பர், இரவு

கால் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியாது. கிழக்கில் ஒரு பட்டறையில் செயற்கைக் கால் செய்வதுதான் என் வேலையாக இருந்தது; இப்போது ஓய்வு. மனிதன் மனிதக்குரங்குகளிலிருந்து உண்மையிலேயே எங்கே பிரிகிறான் என்று கேட்டால் பலர் தலையைக் காட்டுவார்கள். நான் குனிந்து பாதத்தைக் காட்டுவேன்.

சிம்பன்சியின் கால் பெருவிரல் நம் கைக் கட்டைவிரலைப் போல் விலகி நிற்கும். கிளையைக் கவ்வ அது வேண்டும். நமக்கு அது மற்ற விரல்களோடு வரிசையாக வந்து நின்றுவிட்டது. பாதத்தின் உட்புறம் வளைவாக எழுந்தது. குதிகால் எலும்பு பெருத்தது. நடக்கும்போது குதிகால் முதலில் விழும். பாரம் பாதத்தின் வெளிவிளிம்பு வழியாக முன்னே வந்து உள்ளே திரும்பும். கடைசியில் பெருவிரல் தரையைப் பின்னே தள்ளி உடலை முன்னே அனுப்பும். முதல் பாதி வேலைக்குப் பாதம் இளகி அதிர்ச்சியை வாங்க வேண்டும், அடுத்த பாதிக்கு இறுகித் தள்ள வேண்டும். ஒரே உறுப்பு ஒரு நொடிக்குள் இரண்டு குணம் காட்ட வேண்டும். இதை ரப்பரிலும் கட்டையிலும் செய்ய முயன்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். மெத்தென்ற குதிகாலும் உள்ளே விறைத்த கட்டையும் வைத்த சாதாரண செயற்கைப் பாதம் நடக்கும், ஆனால் சம்மணம் கொட்டவோ குந்தவோ விடாது. வயலில் இறங்க முடியாது. இந்தியாவில் செய்யப்பட்ட ஜெய்ப்பூர்க் கால் ரப்பரால் ஆனது, குந்தலாம், வெறுங்காலோடு நடக்கலாம். ஆனால் எல்லாப் பக்கமும் வளையும் பாதத்திடம் அந்தக் கடைசித் தள்ளலை எதிர்பார்க்கக் கூடாது. ஒன்றைக் கொடுத்தால் மற்றது போகும். நாற்பது இலட்சம் ஆண்டுப் பேரத்தின் முடிவு நம் பாதம்.

நீரிழிவால் பெருவிரலை எடுத்தவர்கள் எங்களிடம் வருவார்கள். சப்பாத்தின் முனையில் விரல் இருந்த இடத்தை நிரப்ப ஒரு துண்டு செய்து கொடுப்போம். நடப்பார்கள், ஆனால் கடைசித் தள்ளல் இல்லாததால் காலடி குட்டையாகும். பாரம் இரண்டாம் விரலின் அடிக்குப் போய் அங்கே புண் வரும். அப்போதுதான் புரியும், ஐந்தில் ஒன்றுதான் போனது, ஆனால் நடையின் முடிவுரையே அதில்தான் இருந்தது என்று. சிம்பன்சி எழுந்து நடக்கும்போது அது எந்த நாளும் இப்படித்தான் நடக்கிறது: பெருவிரல் பக்கவாட்டில் சும்மா கிடக்க, பாதத்தின் நடுப்பகுதி மடங்கி எழுகிறது.

மடங்குவது சிம்பன்சிக்கு மட்டுமே உரியது என்றும் நினைக்க வேண்டாம். 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் சாதாரண மனிதர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு நடுப்பாதம் அப்படி மடங்குவதைக் கண்டார்கள். அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் அளவெடுக்கும் பலகையில் நின்றவர்களிலும் அப்படிப்பட்ட பாதங்கள் இருந்தன. தட்டைப் பாதம் என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவோம்.

21 செப்டெம்பர்

மேலே உள்ளதற்குத் தொடர்ச்சி: இடுப்பு. சிம்பன்சியின் இடுப்பெலும்பு உயரமாக, தட்டையாக, முதுகைப் பார்த்து நிற்கும். நமது குட்டையாக, அகலமாக, இரு பக்கமும் வளைந்து கிண்ணமாகிவிட்டது. இதனால் சிம்பன்சியில் காலைப் பின்னே இழுக்கும் அதே தசை, நம்மில் பக்கவாட்டுக்கு வந்து, ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடிக்கிறது. ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் நாம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அந்தத் தசை பலவீனமான நோயாளி உடலை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து நடப்பார். சிம்பன்சி இரண்டு காலில் நடக்கும் காணொளி பார்த்திருந்தால் அதே நடைதான். முதன்முதலில் அதைப் பார்த்தபோது என் வாயில் வந்த வார்த்தை “இடுப்புத் தசைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்” என்பது.

கணக்கும் இருக்கிறது. 2007இல் சிம்பன்சிகளை நடைப்பட்டியில் நடக்கவிட்டு ஒட்சிசன் செலவை அளந்தார்கள். மனித நடைக்கு ஆகும் சக்தி சிம்பன்சி நடைக்கு ஆவதைவிடச் சுமார் 75 விழுக்காடு குறைவு.

மூளை பெருத்து அதன் பின் நிமிர்ந்தோம் என்று நினைப்பவர்களுக்கு: எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த, லூசி என்று பெயரிட்ட மனிதக் கிளை எலும்புக்கூட்டுக்கு 32 இலட்சம் வயது. இடுப்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்தவை. மூளை சிம்பன்சி அளவு. தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த கால்தடங்கள் அதைவிடப் பழையவை, 36 இலட்சம் ஆண்டுக்கு மேல். பெருவிரல் நேராக இருக்கிறது. நிமிர்ந்து நடந்து பத்து இலட்சம் ஆண்டுக்கு மேல் ஆன பிறகுதான் தலை பெருக்கத் தொடங்கியது.

24 செப்டெம்பர்

“சிம்பன்சி மனிதனைவிட ஐந்து மடங்கு பலசாலி” என்று ஒருவர் போட்டிருக்கிறார், கூடவே உடற்பயிற்சிக்கூடப் படமும். ஐந்து என்பது பழைய கதை. 2017இல் தசை நார்களை அளந்தவர்கள் சொன்னது, ஒரே அளவு தசையில் சுமார் ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு. சிம்பன்சித் தசையில் வேகமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைக்கும் நார் அதிகம். நம்மில் மெதுவான, நீடித்து உழைக்கும் நார் அதிகம். ஒன்றரை மடங்குக்குக் குறைவானாலும் அதனோடு கை மடக்கிப் பார்க்க வேண்டாம் தம்பி. கடிக்கும்.

26 செப்டெம்பர்

கிண்ணியாவிலிருந்து எழுதும் ஆசிரியை வகைப்பாட்டின் வரலாறு கேட்டார். சுருக்கமாக.

உயிரினங்களை வகைப்படுத்திய சுவீடன்காரர் லின்னேயஸ் 1735இலேயே மனிதனைக் குரங்குகளோடு ஒரே வரிசையில் வைத்தார். ஏச்சு விழுந்தது. 1747இல் நண்பர் கிமெலினுக்கு எழுதிய கடிதத்தில், மனிதனையும் மனிதக்குரங்கையும் பிரிக்க ஒரு பேரின (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதி, குடும்பத்துக்குள் அடங்குவது) வேறுபாடு சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கேட்டார். 1758 பதிப்பில் முதனி என்ற வரிசைக்குள் மனிதன், குரங்கு, லெமூர் (தேவாங்கின் மடகஸ்கார்ச் சொந்தம்), கூடவே வௌவால். வௌவாலைப் பிறகு வெளியேற்றினார்கள், மனிதனை வெளியேற்றப் பலர் முயன்றார்கள். 1857இல் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் மனித மூளையில் மட்டும் ஒரு சிறு மடிப்பு உண்டு என்று சொல்லி மனிதனுக்கெனத் தனி உபவகுப்பே போட்டார். டார்வினின் நண்பர் ஹக்ஸ்லி மனிதக்குரங்கின் மூளையிலும் அதைக் காட்டிக் கதையை முடித்தார்.

அப்படியும் நான் உயர்தரம் படித்தபோது பொங்கிடே என்ற குடும்பத்தில் ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி. ஹொமினிடே என்ற குடும்பத்தில் மனிதன் மட்டும், தனிக்காட்டு ராஜா. கேட்டவரின் கண் சொல்லும் பிரிவும் கிட்டத்தட்ட இதுவே. ஏன் மாற்றினார்கள்? ஒராங்குட்டான் கிளை முதலில் பிரிந்தது, ஒரு கோடி ஆண்டுக்கு நன்கு முன்னால். பிறகு கொரில்லா. கடைசியாக, சுமார் 60, 70 இலட்சம் ஆண்டுக்கு முன், சிம்பன்சியும் நாமும் பிரிந்தோம். ஆக, சிம்பன்சிக்கு ஒராங்குட்டானைவிட நாம் கிட்டிய சொந்தம். தூரத்துச் சொந்தத்தை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கிட்டிய சொந்தத்தைப் படலைக்கு வெளியே நிறுத்த முடியாது. சிம்பன்சியும் ஒராங்குட்டானும் ஒரு குடும்பம் என்றால் நாமும் உள்ளேதான். கிப்பன்களுக்கு மட்டும் தனிக் குடும்பம்.

26 செப்டெம்பர், சற்றுப் பிந்தி

ஆசிரியை: “எங்கள் பழைய நோட்டில் ராமாபிதிகஸ் தான் முதல் மனித முன்னோன். இப்போது எங்கே போனான்?”

எனக்கும் அதே நோட்டுத்தான். இமயமலையடிச் சிவாலிக் குன்றுகளில் 1932இல் லூயிஸ் என்ற அமெரிக்கர் கண்டெடுத்த தாடைத் துண்டு. இராமன் பெயரை வைத்தார்கள். 1960களில் அதை மனிதக் கிளையின் முதல் உறுப்பினராக்கினார்கள், வயது சுமார் ஒரு கோடியே நாற்பது இலட்சம் ஆண்டு. 1967இல் சாரிச், வில்சன் என்ற இருவர் இரத்தப் புரதத்தை ஒப்பிட்டு, மனிதனும் சிம்பன்சியும் பிரிந்து 50 இலட்சம் ஆண்டுதான் ஆகிறது, அதற்கு முன்னால் மனிதக் கிளையே கிடையாது என்றார்கள். எலும்புக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு பாகிஸ்தானின் பொட்வார் மேட்டுநிலத்தில் முழு முகமே கிடைத்தது. 1982இல் பில்பீம் என்ற ஆய்வாளர் அதை வெளியிட்டபோது முகம் அப்படியே ஒராங்குட்டான். இப்போது ராமாபிதிகஸ், ஒராங்குட்டான் பக்கத்துப் பழைய மனிதக்குரங்கான சிவாபிதிகஸுக்குள் கரைந்துவிட்டது. இராமன் சிவனுக்குள் ஒடுங்கினார் என்று எழுதினால், இராவணன் வெட்டு இருக்கும் ஊரில் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

2 ஒக்டோபர்

காட்டுச் சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால் நேற்று இறந்துவிட்டார். 91 வயது. கலிபோர்னியாவில், பேச்சுப் பயணத்தின் நடுவில்.

1960 யூலையில் தான்சானியாவின் கொம்பேக் காட்டுக்குப் போனார். அதே ஆண்டு, டேவிட் கிரேபியர்ட் என்று அவர் பெயரிட்ட சிம்பன்சி புல்தண்டைக் கறையான் புற்றில் விட்டு இழுத்துத் தின்பதையும், கிளையின் இலையை உருவிக் கருவி செய்வதையும் கண்டார். கருவி செய்யும் விலங்கு என்றே மனிதனுக்கு அன்று வரைவிலக்கணம் சொல்லிவந்தார்கள். இப்போது கருவியை அல்லது மனிதனை மறுபடி வரையறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிம்பன்சியை மனிதன் என்று ஏற்க வேண்டும் என்று, அவரை அங்கே அனுப்பிய புதைபடிவ ஆய்வாளர் லூயி லீக்கி எழுதினார்.

அவர் வாழைப்பழம் வைத்துச் சிம்பன்சிகளை முகாமுக்கு வரவழைத்தார் என்பதும் உண்மை. அதனால் சண்டை கூடியது என்று ஏச்சும் வாங்கினார். கோயிலடியில் ஒரு சீப்பை எறிந்துவிட்டு நின்று பாருங்கள், ஏன் ஏசினார்கள் என்று விளங்கும்.

3 ஒக்டோபர்

1974 முதல் 1978 வரை கொம்பேயில் ஒரு சிம்பன்சிக் கூட்டம், தன்னிடமிருந்து பிரிந்துபோன கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொருவராகக் கொன்றது. வாழைப்பழத்தால் வந்த வினை என்றார்கள். 2014இல் 18 சிம்பன்சிச் சமூகங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மனிதத் தலையீட்டுக்கும் கொலைக்கும் தொடர்பு தெரியவில்லை. அது அவற்றின் சொந்தப் பழக்கம்.

இதை வைத்து ஒருவர் “போர் நம் இரத்தத்தில் ஊறியது, சிம்பன்சியே சாட்சி” என்று எழுதியிருக்கிறார். பொறுங்கள். கொங்கோ ஆற்றின் தென்கரையில் சிம்பன்சியின் உடன்பிறப்பு இனமான பொனோபோ இருக்கிறது. சிம்பன்சி நமக்கு எவ்வளவு நெருக்கமோ அதே அளவு நெருக்கம். பெண்கள் கூட்டுச் சேர்ந்து ஆண்களை அடக்கிவைக்கின்றன. ஒரு கூட்டம் இன்னொன்றைச் சந்தித்தால் சேர்ந்து தின்பதும் உண்டு. எந்தச் சொந்தக்காரனைச் சாட்சிக்கு அழைப்பது என்பது வழக்காடுபவரின் விருப்பமாகிவிடுகிறது.

கண்ணிவெடியில் கால் போனவர்களுக்குக் கால் செய்தவன் நான். இரத்தத்தில் ஊறியது என்ற பேச்சைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. சிம்பன்சி எல்லைக்குப் போய், கண்ணெதிரே நிற்கும் அயலானைக் கையாலும் பல்லாலும் கொல்கிறது. ஒன்றைப் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போய், சண்டையெல்லாம் முடிந்த பிறகு விறகு பொறுக்க வந்தவளின் காலை எடுக்கும் வேலையை அது செய்ததில்லை. அதற்கு வரைபடம், தொழிற்சாலை, சம்பளப் பட்டியல் எல்லாம் வேண்டும்.

5 ஒக்டோபர்

இலகுவான விடயத்துக்கு வருவோம். கோயிலடியில் பல்லைக் காட்டும் குரங்கைப் பார்த்து “சிரிக்கிறது” என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். சத்தமில்லாமல் பல்லைக் காட்டினால் பொருள் பயம், பணிவு. வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டு வேட்டைப்பல்லைக் காட்டினால் விலகிப் போ என்று பொருள். அது தூக்கம் என்று நினைத்துக் கிட்டப் போகாதீர்கள்.

சிரிப்பு வேறு. குட்டிச் சிம்பன்சியைக் கூசவைத்தால் மூச்சிரைக்கச் சிரிக்கும். 2009இல் மனிதக் குழந்தைகளையும் குட்டி மனிதக்குரங்குகளையும் கூசவைத்து, ஒலியைப் பதிவுசெய்து, ஒலியின் ஒற்றுமையை மட்டும் வைத்து ஒரு கிளைமரம் வரைந்தார்கள். மரபணு மரத்தோடு அது ஒத்துப்போனது. கேட்டவர் கேட்ட மாதிரியே, மரபணு இல்லாத சான்று.

இன்னொரு வேடிக்கை. பொலனறுவையில் 1968இலிருந்து வொல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் செங்குரங்குகளைப் பார்த்து எழுதிவருகிறார். அங்கே மகள்கள் தாயோடு தங்கும். ஆண் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போகும். சிம்பன்சியில் நேர்மாறு: ஆண் பிறந்த இடத்தில் கிடக்கும், பெண் பருவமடைந்ததும் வெளியேறும். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போகும் நம் கிழக்குமாகாண வழக்கத்தில் நாம் செங்குரங்குப் பக்கம், மருமகளை அழைத்துக்கொள்ளும் ஊர்க்காரர்கள் சிம்பன்சிப் பக்கம். நடத்தையை வைத்து வகைப்படுத்தினால் இப்படித்தான் முடியும். மாகாணத்துக்கொரு குடும்பம் போட வேண்டிவரும். ஆகையால் எலும்பை நம்புகிறேன்.

6 ஒக்டோபர்

மோட்டார்சைக்கிள் கண்ணாடியைக் குரங்கு உடைத்தது பற்றிய முறைப்பாட்டுக்குப் பதில்: கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை அது வேறொரு குரங்கு என்று நினைக்கிறது. 1970இல் கோர்டன் கேலப் என்ற உளவியலாளர் மயங்கிய சிம்பன்சிகளின் முகத்தில் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி காட்டினார். தம் முகத்தையே தொட்டுப் பார்த்தன. மகாகா இனக் குரங்குகள் தீவிரப் பயிற்சி இல்லாமல் இதில் தேறியதில்லை. பையால் கண்ணாடியை மூடிவிட்டுப் போங்கள்.

11 ஒக்டோபர்

இதுவரை மரபணுவைத் தொடாமலே வந்தேன். இப்போது கேட்டவரே தொடுகிறார். “மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் மரபணு ஒற்றுமை 98.8 விழுக்காடு என்றார்கள், இப்போது 85 என்கிறார்கள். எது பொய்?”

இரண்டும் பொய் இல்லை. 2005இல் வந்த சிம்பன்சி மரபுத்தொகுதியை (மரபுச் செய்தி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்தெடுத்த தொகுப்பு) நம்முடையதோடு வரிக்கு வரி பொருத்திப் பார்த்தால், பொருந்தும் இடங்களில் எழுத்து மாறியிருப்பது சுமார் 1.2 விழுக்காடு. ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாத துண்டுகளையும் கூட்டினால் 4 அளவில் வரும். 2025 ஏப்ரலில் மனிதக்குரங்குகளின் மரபுத்தொகுதிகள் விடுபாடு இல்லாமல் முழுமையாக வெளிவந்தன. ஒரே வரி ஆயிரம் தடவை திரும்பத் திரும்ப வரும் பகுதிகளையும் கணக்கில் எடுத்தால் வேறுபாடு 10ஐத் தாண்டுகிறது. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். யாருக்கு யார் நெருக்கம் என்ற வரிசை மட்டும் எந்தக் கணக்கிலும் மாறவில்லை.

மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தம் நமக்கு 46, சிம்பன்சிக்கு 48, மகாகா குரங்குக்கு 42. சிம்பன்சியில் தனித்தனியாக நிற்கும் இரண்டு சோடிகள் நம்மில் ஒட்டி 2ஆம் நிறமூர்த்தமாகிவிட்டன; ஒட்டிய தழும்பு நடுவில் இன்னும் இருக்கிறது. வால் போனதற்கும் 2024இல் ஒரு காரணம் காட்டினார்கள்: வால் வளர்ச்சியில் பங்குள்ள ஒரு மரபணுவுக்குள் மனிதக்குரங்குகளுக்கும் நமக்கும் மட்டும் ஒரு சிறு துண்டு நுழைந்திருக்கிறது.

சிக்கலான பகுதியும் உண்டு. 2012இல் கொரில்லாவின் மரபுத்தொகுதி வந்தபோது, அதில் சுமார் 30 விழுக்காட்டுப் பகுதியில் சிம்பன்சியும் நாமும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இல்லை; கொரில்லாவே இருவரில் ஒருவருக்கு நெருக்கமாக இருந்தது. கிளைகள் அடுத்தடுத்து வேகமாகப் பிரிந்ததால் வந்த கலப்பு. பெரும்பான்மை சிம்பன்சிக்கும் நமக்கும் சேர்ந்தது, ஏகமனதான தீர்ப்பு அல்ல.

12 ஒக்டோபர்

தேவாங்கு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நாம், சிம்பன்சி, செங்குரங்கு, மந்தி நால்வருக்கும் உடலில் விற்றமின் சி செய்யத் தெரியாது. அதே மரபணு அதே விதமாகக் கெட்டுப்போயிருக்கிறது. தேவாங்கும் லெமூரும் சேர்ந்த கிளைக்கு அது கெடவில்லை. இந்த விடயத்தில் கேட்டவருக்கும் அவர் பழத்தைப் பறித்த குரங்குக்கும் ஒரே குறை, ஒரே மருந்து.

19 ஒக்டோபர்

குரங்குத் தொல்லை பற்றி இழை திசைமாறிவிட்டது. பயிரை அழிக்கும் விலங்குகளை எண்ண மார்ச் 15இல் நடந்த ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு, 2023இல் ஒரு இலட்சம் செங்குரங்கைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை, பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியது, எல்லாம் வந்துவிட்டன. நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். களுத்துறை மாவட்டத்தின் பாகியன் குகையில் சுமார் 45,000 ஆண்டுக்கு முன் வாழ்ந்த மனிதர்களின் குப்பையில் அதிகம் கிடைத்தவை குரங்கு, மந்தி, அணில் எலும்புகள். வேட்டையாடித் தின்று, குரங்கின் எலும்பிலேயே அம்புமுனை செய்திருக்கிறார்கள். இந்தத் தீவில் அவற்றோடு நமக்குள்ள வழக்கு பழையது. தென்னந்தோட்டக்காரரின் நட்டம் உண்மை. செங்குரங்கு உலகில் வேறெங்கும் இல்லை என்பதும் உண்மை. இதற்கு மேல் இந்த இழையில் அதைப் பேச வேண்டாம், வேறு இழை தொடங்குங்கள்.

26 ஒக்டோபர்

கேட்டவர் இப்போது மறுமுனைக்குப் போய்விட்டார். “சரி, இவ்வளவு நெருக்கம் என்றால் சிம்பன்சியையும் நம் பேரினப் பெயரால் ஹோமோ என்றே அழைத்துவிடலாமே?”

கேட்க ஆள் இல்லாத கேள்வி அல்ல. 2003இல் மொரிஸ் குட்மன் என்ற அமெரிக்க உயிரியலாளரும் கூட்டாளிகளும் அதையே பரிந்துரைத்தார்கள். இரண்டு சிம்பன்சி இனங்களும் ஹோமோ பேரினத்துக்குள் வர வேண்டும் என்று. காலக்கணக்கைப் பார்த்தால் வாதம் வலுவானது. மற்ற விலங்குகளில் இதைவிடப் பழைய பிரிவுகளை ஒரே பேரினத்தில் வைத்திருக்கிறோம்.

நான் எதிர்க்கட்சி. கிளை பிரிந்த வரிசையைப் பேரினமும் மதிக்க வேண்டும், ஆனால் பேரினம் என்ற பெயரில் உடல் வாழும் முறையும் கொஞ்சம் தெரிய வேண்டும். லூசியையே நாம் ஹோமோ என்று அழைப்பதில்லை. நிமிர்ந்து நடந்தவளுக்கே ஒஸ்திரலோபிதிகஸ் என்று தனிப் பேரினம். சிம்பன்சியை உள்ளே எடுத்தால் அவளையும் எடுக்க வேண்டும், அவளுக்கு முந்திய எல்லாரையும் எடுக்க வேண்டும். பிறகு அந்தப் பெயரில் ஓர் எலும்பு கிடைத்தால் அது நடந்ததா, மரத்தில் தொங்கியதா என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. குடும்பம் ஒன்று, பேரினம் வேறு. உங்கள் மகனின் குறிப்பில் இருப்பதும் அதுவே, பரீட்சைக்கு அப்படியே எழுதட்டும்.

ஆசிரியை இதில் குட்மன் பக்கம். அவருடைய பதிவு வந்ததும் மீதி.